மரத்தைப் பற்றிக் கேளுங்கள், மனிதர் பேசுவார்

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அது மரம், பறவை பார்க்கிற வகுப்பா? இல்லை, வாழ்க்கைக் கதை எழுதுகிற வகுப்பா?" இரண்டும்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பெரியவரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து என்ன படிக்க முடியும் என்பது அவர்கள் ஐயம். நியாயமான ஐயம்தான். தொடக்கத்தில் எனக்கும் அது இருந்தது. ஆகவே இந்த வகுப்பு எதற்காக, எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். வேறு ஊர்களில் உள்ள தமிழ்ச் சங்கத்தாருக்கும் இது பயன்படலாம்.

எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 1979ஆம் ஆண்டு திருமணமாகித் தில்லிக்கு வந்தவள். பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். என் தந்தையார் லால்குடிப் பக்கத்து விவசாயி. அம்மா காலமான பிறகு தம் கடைசி மூன்று ஆண்டுகளை எங்களோடு இரண்டாவது மாடிக் குடியிருப்பில் கழித்தார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் அவரிடம் கேட்பது, "மாத்திரை போட்டுக்கிட்டீங்களாப்பா?" என்பதுதான். மாலையில் வந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்பேன். சில நாட்களில் அவர் பால்கனியில் நின்றுகொண்டு, "தட்டான் தாழப் பறக்குது, மழை வரும்" என்பார். நான் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவேன். அது எப்படித் தெரியும், யார் சொல்லிக் கொடுத்தது என்று நின்று கேட்டதில்லை.

அவர் மறைந்த சில மாதங்களில், பள்ளியில் ஏதோ எழுதிவரச் சொன்னார்கள் என்று என் மகள் வந்து கேட்டாள். "தாத்தா என்னம்மா வேலை செஞ்சாரு?" விவசாயம் என்றேன். "என்ன பயிர்? எந்த மாசம் என்ன செய்வாரு?" குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று சொற்களைச் சொன்னேன். நான்காவது சொல் என்னிடம் இல்லை. எண்பது ஆண்டு வாழ்ந்த ஒரு மனிதர் மூன்று சொற்களில் முடிந்துபோனார். செடிகொடிகளைப் பற்றிப் பாடம் சொல்லிச் சம்பளம் வாங்கிய எனக்கு அன்று ஏற்பட்ட வெட்கம் இன்றும் போகவில்லை. இந்த வகுப்புக்கு வேர் அதுதான்.

இரண்டு தோல்விகள்

ஓய்வு பெற்ற பிறகு சங்கத்தில் இரண்டு வகுப்புகளைத் தனித்தனியே ஆரம்பித்தேன். குழந்தைகளுக்கு இயற்கை அறிமுகம். பெரியவர்களுக்கு வாழ்க்கைக் கதை எழுதும் பயிற்சி. இரண்டும் தோற்றன.

குழந்தைகள் வகுப்பில் நான் செய்தது பள்ளியில் செய்ததைத்தான். எல்லா நிலைக் கல்வியிலும் சுற்றுச்சூழல் இடம்பெற வேண்டும் என்று 1991ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாடமும் வந்தது. ஆனால் பாடம் என்றால் புத்தகம், தேர்வு என்று பழகிவிட்டோம். நானும் மரங்களின் தாவரவியல் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டேன். முதல் வாரம் பன்னிரண்டு குழந்தைகள், மூன்றாவது வாரம் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவன் என் பக்கத்து வீட்டுப் பையன், தப்பிக்க வழியில்லாதவன்.

பெரியவர்களிடம், "உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள்" என்று நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். ஆண்கள் எழுதிவந்ததைப் படித்தால் அலுவலகப் பணிப் பதிவேடு போல இருந்தது. இந்தத் தேதியில் சேர்ந்தேன், இந்த ஊருக்கு மாற்றல், இந்த ஆண்டு பதவி உயர்வு, இந்த மாதம் ஓய்வு. பெண்கள் எழுதவே இல்லை. "எனக்கு என்னம்மா இருக்கு எழுத? சமைச்சேன், பிள்ளைகளை வளர்த்தேன். அவ்வளவுதானே" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் ஒரு பாட்டி.

புளியங்கொழுந்து

அந்தப் பாட்டிதான் எனக்கு வழி காட்டினார். மே மாதத்தில் ஒரு ஞாயிறு. பெரியவர்கள் கூடும் அறையில் மின்சாரம் போய்விட்டது. உள்ளே உட்கார முடியாமல் எல்லோரும் பூங்காவுக்கு வந்து, குழந்தைகள் இருந்த புளியமர நிழலிலேயே உட்கார்ந்தார்கள். பாட்டி கைக்கு எட்டிய கிளையில் கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய பேரனுக்கு எட்டு வயது. "பாட்டி, இதைச் சாப்பிடலாமா?" என்று பாதி ஹிந்தியில் கேட்டான். வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம் என்று அவன் தாயார் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். பாட்டிக்கு ஹிந்தி வராது; பையனுக்குத் தமிழ் தயக்கம்.

"பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் எங்களுக்கு இதுதான்டா தீனி" என்றார் பாட்டி. அவனுக்கும் ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கொடுத்தார். புளிப்பில் அவன் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே பெரிய புளியமரம். அஞ்சாவது முடிச்சதும் என்னை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் பங்குனியில புளி உலுக்குறப்ப மட்டும் பொறுக்குற கூலிக்கு அங்க போவேன். ஜன்னல் வழியா ஆறாம் வகுப்பு பாடம் காதுல விழும். ரெண்டு வருஷம் அப்படியே கேட்டேன்."

பக்கத்தில் நின்றிருந்த அவர் மகன் ஐம்பது வயதுக்காரர். "அம்மா, இதை நீங்க சொன்னதே இல்லையே" என்றார். "நீ கேட்டதே இல்லையேப்பா" என்றார் பாட்டி.

எழுத ஒன்றுமில்லை என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. மரம் கேட்டபோது பேசினார். அன்றோடு இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக்கிவிட்டேன்.

நம்மிடம் இருந்த வழிதான்

யோசித்துப் பார்த்தால் இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தொல்காப்பியம் அகத்திணையைச் சொல்லும்போது மூன்று பொருள்களைச் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலியவை கருப்பொருள். மனிதரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். உணர்வைச் சொல்ல வேண்டுமானால் இடமும் காலமும் கூடவே வரவேண்டும், அங்கே வாழும் உயிர்களும் வரவேண்டும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியதைப் பள்ளியில் மனப்பாடச் சுமையாகத்தான் பார்த்தோம். பூவின் பெயர் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் நின்ற நினைவும் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

உ.வே. சாமிநாதையர் 1940ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்துக்கு இட்ட தலைப்பு 'எங்கள் ஊர்'. தம்மைப் பற்றிச் சொல்லுமுன் உத்தமதானபுரத்தைச் சொன்னார். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1985ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்றுக்குத் தலைப்பாக வைத்ததே ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சியைத்தான். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய, கழுத்தில் மஞ்சள் நிறம் கொண்ட ஒரு குருவி என்ன இனம் என்று தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கேட்கப் போனதில் அவர் வாழ்க்கையே திசை மாறியது. நம் மா. கிருஷ்ணனோ, நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னையில் இருந்துகொண்டு கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு 1950ஆம் ஆண்டு முதல் 1996இல் மறையும் வரை இயற்கைக் கட்டுரைகளை எழுதினார். தமிழர் ஒருவர் தம் ஊரில் கண்ட அணிலையும் காக்கையையும் வங்காளத்து வாசகர்கள் 46 ஆண்டுகள் படித்தார்கள் என்பது வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெருமை தரும் செய்தி.

எப்படி நடத்துகிறோம்

ஒரு நாளைக்கு ஒரு மரம்தான். பத்து மரம் பார்த்தால் பெயர்தான் மிஞ்சும். பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் அரைமணி நேரம் எழுத்தே கிடையாது. பட்டையைத் தொட்டுப் பார்ப்போம். இலையைக் கசக்கி முகர்வோம். மரத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று குழந்தைகள் எண்ணுவார்கள். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னால் ஆறு வயதுக் குழந்தையும் கால்மணி நேரம் அசையாமல் உட்காரும்.

பிறகு ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை என்று ஜோடி சேர்க்கிறோம். முதல் இரண்டு மாதங்கள் சொந்தத் தாத்தா பாட்டியோடு சேர்ப்பதில்லை. வீட்டுப் பிள்ளையிடம் அறிவுரை சொல்வார்கள்; அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கதை சொல்வார்கள். குழந்தை மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

"இந்த மரத்தை நீங்க முதல்ல எங்க, எப்ப பார்த்தீங்க?"

"அங்க கூட என்ன எல்லாம் இருந்துச்சு?"

"அங்க நின்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

முதல், கரு, உரி என்ற அதே மூன்றுதான். மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. காத்திருக்க வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகவே காத்திருக்கிறார்கள்.

தமிழ் எழுதத் தெரிந்த குழந்தை கேட்டதை எழுதுகிறது. தெரியாத குழந்தை கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டில் பெற்றோர் உதவியோடு எழுதிவருகிறது. இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதுவதிலேயே சில குழந்தைகளுக்கு எழுத்து கூட்டி வாசிக்க வந்துவிட்டது. ஒரு பக்கம் போதும். பேச்சு வழக்கை மாற்றுவதில்லை. திருநெல்வேலிப் பாட்டி "அங்கன" என்றால் அங்கன என்றே எழுதுவோம். கடைசியில் எழுதியதைப் பெரியவர் முன்னால் வாசித்துக் காட்டுகிறோம். அவர் "சரி" என்ற பிறகுதான் அது கோப்பில் சேரும்.

தில்லியின் நாட்காட்டி

எந்த மாதம் எந்த மரம் என்பதை இந்த ஊரே முடிவு செய்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முள்ளிலவு சிவப்பாகப் பூக்கும். ஹிந்தியில் சேமல் என்பார்கள். லோதி தோட்டத்தில் அதன் கீழே நின்றுதான் 'இலவு காத்த கிளி' என்ற பழமொழியைச் சொன்னேன். மேலே கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. கோடையில் காய் வெடித்துப் பஞ்சு பறந்தபோது, "பாவம் அந்தக் கிளி" என்றாள் ஒரு சிறுமி. விளக்கவுரை தேவைப்படவில்லை.

ஏப்ரலில் வேம்பு. சில ஆண்டுகளில் சித்திரை முதல் நாளன்று இங்கே வேப்பம்பூ மொட்டாகவே இருக்கும். ஊரிலிருந்து வந்த காய்ந்த பூவை வைத்துத்தான் பச்சடி செய்திருப்போம். ஒரே மரம் சென்னையில் ஒரு நாளும் தில்லியில் ஒரு நாளும் பூப்பது ஏன் என்று குழந்தைகள் கேட்டால், குளிர், வெயில், பகல் நீளம் பற்றிய பாடம் தானாக வந்துவிடுகிறது. மே மாதம் சரக்கொன்றை. ஜூன் கடைசியில் நாவல். ராஜபாதையாக இருந்து 2022 முதல் கர்த்தவ்ய பாதையான சாலையின் இருபுறமும் நிற்பவை நாவல் மரங்களே. ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு நாவல்பழம் வைத்தவர்கள், இங்கே அதற்குள் பழம் ஓய்ந்துவிடுவதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார்கள். அந்த ஆற்றாமையையும் எழுதச் சொல்வேன்.

அக்டோபரில் ஏழிலைப்பாலையின் மணம் தெருவெல்லாம் நிறையும். அந்தக் காலத்தில் எழுது பலகை செய்ய அதன் மரம் பயன்பட்டதால்தான் அதன் தாவரவியல் பெயரில் மாணவரைக் குறிக்கும் சொல் சேர்ந்தது. நவம்பரில் தில்லிக் காற்று கெட்டுவிடும்; குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே உட்கார வைப்பது தவறு. அந்த மாதம் அறைக்குள் விதைகளை வைத்து நடத்துகிறோம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடுவோம். ஆட்டம் சூடு பிடித்தால் கதை தானே வரும்.

குளிர்காலத்தில் காற்று தெளிந்த ஒரு நாளாகப் பார்த்து யமுனைக் கரையில் ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறோம். வரித்தலை வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகின்றன. அதே இனத்து வாத்துகள் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரை போகின்றன என்று சொன்னேன். "நாம லீவுக்கு ஊருக்குப் போற மாதிரியா ஆன்ட்டி?" என்று கேட்டான் ஒரு பையன். அவனுடைய தாத்தாவின் ஊர் நாங்குநேரிப் பக்கம். அடுத்த மாதம் தாத்தா சொல்ல அவன் எழுதிய பக்கத்துக்கு 'எங்கள் குளத்து வாத்து' என்று பெயர்.

கவனிக்க வேண்டியவை

எல்லா நினைவும் இனிப்பாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கிணறு பற்றிக் கேட்ட நாளில் ஒரு பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஊர்க் கிணத்துல நாங்க தண்ணி எடுக்கக் கூடாது. யாராவது ஊத்தினாத்தான் உண்டு. அந்தக் கிணத்து ஆழம் எவ்வளவுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பத்து வயது. "ஏன் தாத்தா கூடாது?" என்றாள். அவர் விளக்கினார். அங்கிருந்த பெரியவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் பேச்சை மாற்றப் பார்த்தார், நான் விடவில்லை. ஊரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் அழகான கதைகளுக்கு நடுவே அந்தப் பக்கமும் கோப்பில் இருக்க வேண்டும். அவர் விருப்பப்படி அவர் பெயரோடுதான் இருக்கிறது. சேர்க்க வேண்டாம் என்று வேறு சிலர் சொன்ன பக்கங்களை அவர்களிடமே கொடுத்துவிட்டோம். கதை சொன்னவருடையது, எழுதியவருடையதும் அல்ல, சங்கத்துடையதும் அல்ல.

இன்னொன்று. "எனக்கு ஊரே கிடையாது, நான் இங்கேயே பிறந்தவன்" என்று ஒதுங்குபவர்கள் நம்மில் பலர். அப்படிச் சொன்ன ஒருவர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் வீட்டு வாசலில் ஒரு வேம்பு. கோடை இரவுகளில் அதன் கீழே கயிற்றுக் கட்டில் போட்டுப் பஞ்சாபி, வங்காளி, தமிழ்க் குடும்பங்கள் வரிசையாகப் படுப்பார்களாம். தெற்குத் தில்லியின் அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட இருந்ததை எதிர்த்து 2018ஆம் ஆண்டு மக்கள் திரண்டதும், தில்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்திகளைப் படித்த பிறகுதான் தம் வேம்பைப் பார்க்கப் போனாராம். மரமும் இல்லை, வீடும் இல்லை. அவர் எழுதிய பக்கம் எங்கள் கோப்பில் முதல் பக்கமாக இருக்கிறது. அவருக்கும் ஊர் உண்டு. அதன் பெயர் தில்லி.

கோப்பில் இப்போது அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. புளியமரத்துப் பாட்டி நான்கு பக்கம் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது பக்கத்தை அவர் பேரன் தானே எழுதினான்: அன்று பாட்டி கொடுத்த கொழுந்து எப்படிப் புளித்தது என்று. எழுத்துப் பிழைகள் உண்டு. திருத்தவில்லை.

என் தந்தையாரின் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. சென்ற ஆண்டு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வகுப்புக்கு வந்தார். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு என்று அவர் சொல்லச் சொல்ல நானே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். அது அப்பாவின் கதை ஆகாது. அவர் கைபட்ட வேலைகளின் பெயர்களாவது தெரிந்தன. அவர் பால்கனியில் நின்று தட்டானைப் பார்த்ததை மட்டும் என் கையால் அதன் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்புக்கு வர நேரமில்லை என்றால் பரவாயில்லை. இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்ட பிறகு, எழுந்து போய்விடாமல் இன்னும் ஒன்று கேளுங்கள்: "உங்க வீட்டு வாசல்ல என்ன மரம் இருந்துச்சு?" கேட்டுவிட்டுச் சற்று நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். குழந்தையையும் கூட உட்கார வையுங்கள்.